கோமளம் கழற்றிப்போட்ட சட்டை

ஒரு காட்டில், செல்போனுக்கு டவர் கிடைக்கிற மேட்டுப் பக்கமாக, தணிகாசலம் என்றொரு கீரி இரண்டு பாம்புகளை வளர்த்துவந்தான். கீரி எப்படிப் பாம்பு வளர்க்கும் என்று இப்போதே முகத்தைச் சுளிக்கிறவர்கள் அவனுடைய சித்தப்பா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளலாம். அங்கே எல்லோரும் அதைத்தான் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

நடந்தது இவ்வளவுதான். ஒரு மழைக்காலத்தில் பாம்பாட்டி ஒருவன் காட்டு வழியாகப் போகும்போது ஒரு கூடையைத் தவறவிட்டான். தணிகாசலம் அதைத் திறந்தான். உள்ளே இரண்டு குட்டிகள், ஒன்றின் மேல் ஒன்று தலையை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தன. குலவழக்கப்படி அவனுக்கு ஆத்திரம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கொஞ்ச நேரம் காத்துப் பார்த்தான், அப்போதும் வரவில்லை. சரி, குளிருமே என்று இரண்டையும் வளைக்குத் தூக்கிப் போனான். ஒன்று நல்ல பாம்பு, அவளுக்குக் கோமளம் என்று பெயர் வைத்தான். இன்னொன்று சாரை, அவன் அய்யாக்கண்ணு.

அதோடு சொந்தக்காரர்கள் அவனைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டார்கள். மொய் மிச்சம் என்று அவன் நினைத்துக்கொண்டான். சாயங்காலம் ஆனால் மூன்று பேரும் பாறை மேல் வெயில் காய்வார்கள். கோமளம் படம் எடுத்துக் காட்டுவாள். அய்யாக்கண்ணு வேலமரத்தில் சரசரவென்று ஏறி இறங்குவான். தணிகாசலம் "பலே" என்பான். ஒரு கீரிக்கு வாழ்க்கையில் இதைவிட என்ன வேண்டும் என்று அவனுக்கு உண்மையிலேயே தோன்றியது.

அப்புறம் அவனுக்கு வேலை கிடைத்துத் தொலைத்தது.

அந்தக் காட்டில் அதுவரை தாகம் எடுத்தவர்கள் குளத்துக்குப் போய்த் தண்ணீர் குடித்துவந்தார்கள். இதில் ஓர் ஒழுங்கே இல்லை என்று யானை நிர்வாகம் கண்டுபிடித்து, டோக்கன் முறையைக் கொண்டுவந்தது. மானுக்கு ஒரு வரிசை, பன்றிக்கு ஒரு வரிசை, மூத்த குடிமக்களான ஆமைகளுக்குத் தனி வரிசை. அந்த மூன்றாவது வரிசை இன்றுவரை நகரவில்லை. இதையெல்லாம் பார்த்துக்கொள்ளத் தணிகாசலத்தை வரிசைக் கண்காணிப்பாளராகப் போட்டார்கள். காக்கிச் சட்டை ஒன்று கொடுத்தார்கள். கையில் ஒரு போனும் கொடுத்து, மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் சேர்த்துவிட்டார்கள்: 'வரிசை நிர்வாகம்', 'வரிசை நிர்வாகம் - அவசரம்', 'வரிசை நிர்வாகம் - யானை இல்லாதது'.

விடிந்தால் போனான், இருட்டுகிற நேரத்துக்கு வந்தான். வந்த பிறகும் போன் விடவில்லை. பாம்பு வளர்ப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. வாரத்துக்கு ஒரு வேளை சாப்பாடு, அதையும் ஊட்ட வேண்டாம், காட்டினால் போதும், அதுகளே முழுங்கிக்கொள்ளும். அந்த ஒரு வேளையும் தவறிப்போக ஆரம்பித்தது. பாறைக்குப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. "நாளைக்குப் போகலாம் கண்ணுங்களா" என்பான், கண் போன் மேலேயே இருக்கும்.

இந்த நிலைமையில்தான் கோமளம் சட்டை உரித்தாள்.

பாம்பு வளர்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். சட்டை உரிப்பது பாம்புக்கு லேசான காரியம் இல்லை. கண் மங்கும், உடம்பெல்லாம் நமைச்சல் எடுக்கும், யாரைப் பார்த்தாலும் எரிச்சல் வரும். முன்பெல்லாம் தணிகாசலம் ஈரப்பாசி கொண்டுவந்து போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்து, உரித்து முடித்ததும் "அடேயப்பா, புதுசா ஜொலிக்கிறியே" என்பான். இந்த முறை அவள் தனியாக, கல்லில் உரசி உரசி உரித்தாள். முழுச் சட்டையும் கிழியாமல் வந்தது. அதை வளையின் இடது மூலையில் வைத்துவிட்டு, வலது மூலையில் பளபளவென்று சுருண்டு படுத்து, அவன் வருவதற்காகக் காத்திருந்தாள்.

தணிகாசலம் வந்தான். போனைப் பார்த்தபடியே இடது மூலைக்குப் போய், சட்டையின் பக்கத்தில் உட்கார்ந்து, அதைத் தடவிக்கொடுத்தான்.

"இன்னிக்கு ஒரே ரோதனை கோமளம். பன்னி வரிசைக்குள்ள கரடி பூந்துட்டான். கேட்டா, 'தூரத்துச் சொந்தம்'ங்கிறான்" என்றான். சட்டை ஒன்றும் சொல்லவில்லை. "நீ ஒருத்திதான் குறுக்கே பேசாமக் கேக்குற. கொஞ்சம் வெளுத்துட்டியே, ஒழுங்காச் சாப்பிடுறதில்லையா?" என்று கேட்டுவிட்டு, அப்படியே சாய்ந்து தூங்கிப்போனான்.

மறுநாளும் இதே கதை. அதற்கடுத்த நாளும் இதே கதை. நாலாவது நாள் கோமளம் பொறுக்கமாட்டாமல் வலது மூலையிலிருந்து கூப்பிட்டாள்.

"அண்ணே."

தணிகாசலம் சட்டையைப் பார்த்து, "சொல்லும்மா" என்றான்.

"இங்க பாருங்க. நான் இங்க இருக்கேன்."

அவன் இந்த மூலையைப் பார்த்தான், அந்த மூலையைப் பார்த்தான். போன் கையிலிருந்து நழுவியது.

"நாலு நாளாச்சு. என் சட்டையைக் கொஞ்சுறீங்க, என்னைச் சட்டை செய்ய மாட்டேங்குறீங்க. உங்களால முடியலைன்னா நல்ல இடமாப் பாத்து எங்களை விட்டுடுங்கண்ணே. நாங்க தப்பா நினைக்க மாட்டோம்" என்றாள் கோமளம். அவள் கோபமாகச் சொல்லியிருந்தாலாவது பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னாள்.

தணிகாசலத்துக்குக் கொடுக்க மனசில்லை. வைத்துக்கொள்ள நேரமில்லை. இப்படி இரண்டு பக்கமும் இழுபடுகிறவர்கள் என்ன செய்வார்களோ அதையே அவனும் செய்தான், வாட்ஸ்அப் குழுவில் ஒரு விளம்பரம் போட்டான்.

'நல்ல பாம்பு ஒன்று, சாரை ஒன்று. பழகியவை. அன்பான வீடு தேவை. டைம்பாஸ் ஆட்கள் தொடர்புகொள்ள வேண்டாம்.'

முதலில் வீடியோ காலில் வந்தது கருணாகரன் என்கிற கழுகு. பெயருக்கேற்ற கனிவான குரல்.

"ரெண்டையும் நானே எடுத்துக்கிறேன் சார். பிரிச்சுறாதீங்க, பாவம். வெயிட்டு எவ்வளவு இருக்கும்?"

"வெயிட்டு எதுக்கு?"

"தூக்கிட்டுப் போகணுமே சார். சாப்பாடு பத்திக் கவலையே படாதீங்க, அது என் பாடு" என்றார் கருணாகரன். தணிகாசலம் சிக்னல் இல்லாததுபோல் கொஞ்ச நேரம் அசையாமல் இருந்துவிட்டு இணைப்பைத் துண்டித்தான்.

அடுத்ததாக நேரிலேயே வந்தாள் சவுந்தரம் என்கிற முயல். கூடவே ஒரு டஜன் குட்டிகள். கையில் ஒரு கிண்ணம் பால், ஒரு முட்டை, மஞ்சள் குங்குமம். புற்றுக்குப் போவதுபோல் தயாராகத்தான் வந்திருந்தாள்.

"புள்ளைங்க இருக்கிற வீடு சார். அதனால எங்களுக்கு அந்த நல்ல பாம்பையே குடுத்துருங்க" என்றாள்.

"அம்மா, புள்ளைங்க இருக்கிற வீட்டுக்குச் சாரைதாம்மா சரி. அவனுக்கு விஷமே கிடையாது. சாது."

"அப்புறம் ஏன் அதை நல்ல பாம்புன்னு போடலை?"

"நல்ல பாம்புங்கிறது பேரும்மா. அவ கடிச்சா ஆள் காலி."

"கடிச்சா ஆள் காலியாகிறதுக்கு நல்ல பாம்புன்னு யாராச்சும் பேரு வைப்பாங்களா?"

தணிகாசலம் யோசித்துப் பார்த்தான். உங்களிடம் பதில் இருந்தால் நீங்கள் சொல்லுங்கள்.

"எனக்குப் புரிஞ்சுபோச்சு சார். நல்லதை நீங்க அமுக்கி வெச்சுக்கிட்டு, சாரையை எங்க தலையில கட்டப் பாக்குறீங்க. வரிசையிலயும் நீங்க இப்படித்தான்" என்றாள் சவுந்தரம். குட்டிகள் எல்லாம் ஒரே குரலில் "நல்ல பாம்புதான் வேணும்" என்று அழ ஆரம்பித்தன.

அய்யாக்கண்ணு இதையெல்லாம் கேட்டுக்கொண்டு மரத்தில் தொங்கிக்கொண்டிருந்தான். "நான் பொறந்ததுலேருந்து யாரையும் கடிச்சதில்ல. என் பேருக்கு முன்னாடி ஒரு 'நல்ல' போட யாருக்கும் மனசு வரலை. இவ படம் எடுத்தாலே பாதிப் பேர் மயக்கம் போடுறான், இவ நல்ல பாம்பு" என்றான்.

"பேரு நானா வெச்சேன்? பாலைக் கொண்டுபோகச் சொல்லு, எனக்கு ஒத்துக்காது" என்றாள் கோமளம்.

அந்த நேரம் சவுந்தரத்தின் கண் இடது மூலையில் விழுந்தது. அங்கே சட்டை கிடந்தது. மெல்லிசாக, வெள்ளையாக, தலை முதல் வால் வரை ஒரு சுருக்கமும் இல்லாமல்.

"இது?"

தணிகாசலம் வாயைத் திறப்பதற்குள் அய்யாக்கண்ணு முந்திக்கொண்டான். "அதுவும் கோமளம்தாங்க. ரொம்ப நல்ல பாம்பு."

"கடிக்குமா?"

"கடிக்காது."

"சாப்பாடு?"

"தொடவே தொடாது."

"சத்தம் போடுமா?"

"எங்க அண்ணன் நாலு நாளாப் பேசிப் பாத்துட்டாரு, ஒரு வார்த்தை வரலை."

சவுந்தரத்தின் முகம் மலர்ந்தது. "இப்படி ஒண்ணைத்தானே சார் முதல்லேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன்" என்று சொல்லி, சட்டைக்குப் பொட்டு வைத்து, கழுத்தில் மாலைபோல் போட்டுக்கொண்டு போய்விட்டாள். குட்டிகள் வாலைப் பிடித்துக்கொண்டு பின்னால் ஓடின.

எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று மூவரும் சிரித்தார்கள். ஆனால் மறுநாள் சாயங்காலம் வேலையிலிருந்து வந்த தணிகாசலம் பழக்க தோஷத்தில் இடது மூலைக்குப் போனான். அங்கே ஒன்றுமில்லை. கையை நீட்டித் தடவினான், வெறும் தரை. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. தேம்பித் தேம்பி அழுதான்.

"அண்ணே, நான் இருக்கேனே" என்றாள் கோமளம், பக்கத்திலிருந்து.

"நீ இருக்கம்மா, தெரியும். ஆனா அது..." என்று ஆரம்பித்தவன், தன் வாயிலிருந்து என்ன வருகிறது என்பது காதில் விழுந்ததும் நிறுத்தினான். வெட்கமாகிவிட்டது. நல்ல கீரி என்பதால் அல்ல, தலையில் அடித்தாற்போல் விஷயம் புரிந்ததால். அடுத்த நாளே யானையிடம் போய் வேலையை விட்டான். போனைத் திருப்பிக் கொடுத்தான். காக்கிச் சட்டையை மட்டும் அவர்கள் வாங்கிக்கொள்ளவில்லை, புதிதாக வந்த கண்காணிப்பாளர் கரடி என்பதால். அதைக் கொண்டுவந்து வளையில் ஓர் ஆணியில் மாட்டினான். இனி சாயங்காலமெல்லாம் பாறைதான் என்று முடிவு செய்துகொண்டான்.

இந்த இடத்தில் கதையை முடித்திருந்தால் பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகத்தில் வைத்திருப்பார்கள். கதை முடியவில்லை.

சவுந்தரம் தன் நல்ல பாம்பை எல்லோருக்கும் காட்டிவிட்டாள். சாப்பாடு கேட்காத, குணம் மாறாத, மடித்துப் பெட்டியில் வைக்கக்கூடிய பாம்பு என்றால் யாருக்குத்தான் ஆசை வராது? கரடி கேட்டான். நரி வீட்டில் கேட்டார்கள். ஆமைகள் வரிசையில் நின்றபடியே சொல்லி அனுப்பின. கோமளமும் அய்யாக்கண்ணும் வீடு வீடாகப் போய் அளவெடுத்து வந்தார்கள். சட்டை சீக்கிரம் வளர வேண்டும் என்று வேளாவேளைக்குச் சாப்பிட்டார்கள், கல்லில் உரசினார்கள், உரித்தார்கள். அய்யாக்கண்ணுவின் நீளத்துக்குக் கரடி வீட்டில் நல்ல கிராக்கி. அவனே தன் சட்டைக்கு 'நல்ல சாரை' என்று பெயரும் போட்டுக்கொண்டான். அன்றைக்கு அவன் முகத்தில் இருந்த பூரிப்பைப் பார்த்திருக்க வேண்டும்.

தணிகாசலம் பாறை மேல் உட்கார்ந்து காத்திருந்தான். "இதோ வந்துடுறோம்ணே" என்பார்கள். "நாளைக்குப் போகலாம்ணே" என்பார்கள். வெயில் இறங்கிவிடும். அவன் தனியாக வேலமரத்தைப் பார்த்து ஒரு தடவை "பலே" என்று சொல்லிப் பார்த்தான், நன்றாக இல்லை.

ஒருநாள் கோமளம் அலுத்துப்போய் வீடு வந்தாள். வளைக்குள் தணிகாசலம் ஈரப்பாசியோடு உட்கார்ந்திருந்தான். அவள் நேராக ஆணிக்குப் போய், காக்கிச் சட்டைக்குள் நுழைந்து சுருண்டு, அதன் காலரில் தலையை வைத்துக்கொண்டாள்.

"இன்னிக்கு ஒரே ரோதனைண்ணே. நரி வீட்டுல மூணு தடவை அளவெடுக்கச் சொல்லிட்டாங்க" என்றாள் சட்டையிடம்.

தணிகாசலம் தொண்டையைச் செருமினான். "கோமளம், நான் இங்க இருக்கேம்மா."

"கொஞ்சம் சும்மா இருங்க, அண்ணன்கிட்டப் பேசிக்கிட்டிருக்கேன்ல" என்றாள் அவள், திரும்பிப் பார்க்காமலே.

அவன் கையிலிருந்த பாசி காய்ந்தது.

சில நாளில் குழுவில் ஒரு விளம்பரம் வந்தது. போன் இல்லாததால் தணிகாசலத்துக்குத் தெரியாது. சவுந்தரம் குட்டிகளோடு வந்து வாசலில் நின்றபோதுதான் தெரிந்தது.

"கீரி ஒண்ணு இருக்குன்னு போட்டிருந்தீங்களே" என்றாள்.

"இவர்தான். பழகினவர். நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறதால பாத்துக்க முடியலை. பாவம், ஏங்கிப்போறாரு" என்றாள் கோமளம். அவள் கண்ணில் தண்ணீர் இருந்தது. அதில் பொய் இல்லை.

"நல்ல கீரியா?" என்று கேட்டாள் சவுந்தரம்.

கோமளமும் அய்யாக்கண்ணும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். இரண்டு பேரில் ஒருவராவது சொல்லிவிடுவார்கள் என்று தணிகாசலத்துக்கு நிச்சயமாக இருந்தது.

"அப்படி ஒரு பேரு கிடையாதுங்க. வெறும் கீரிதான்" என்றான் அய்யாக்கண்ணு.

சவுந்தரம் உதட்டைப் பிதுக்கினாள். அவள் பார்வை ஆணிக்குப் போயிற்று. "அப்ப அந்தக் காக்கி? அது நல்லா இருக்கே. அதைக் குடுங்க."

கோமளம் படம் எடுத்துவிட்டாள். குட்டிகள் அலறிக்கொண்டு வெளியே ஓடின.

"அது எங்க அண்ணன்" என்றாள். "அதைக் கேக்காதீங்க. அதை நாங்களே வெச்சு வளர்த்துக்குவோம்."

வெறும் கீரியை வாங்க ஆள் வராததால், தணிகாசலம் இன்னும் அங்கேதான் இருக்கிறான், வலது மூலையில்.

நீதி: வீட்டில் உங்களை யாரும் சட்டை செய்யவில்லை என்றால், சட்டையை ஆணியில் மாட்டிவிட்டு நீங்கள் எங்காவது போய்விடுங்கள். மிச்சத்தைச் சட்டை பார்த்துக்கொள்ளும்.