பாதிக்கதை வீட்டு மாடியில் குடியிருந்த தொரை

செத்துப்போன ஒருத்தருக்குத் தினமும் காபி போட்டுக் கொடுத்த ஆள் புதுச்சேரியிலேயே ஒருவர்தான். உலகத்திலேயே என்று சொல்லத்தான் ஆசை. ஆனால் நான் உலகத்தை அவ்வளவாகப் பார்த்ததில்லை. எங்கள் தெரு அவருக்கு வைத்த பெயர் பாதிக்கதை.

பாதிக்கதை ஒரு சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். பெரிய மார்க்கெட்டுக்கு மீன் வாங்கப் போவதற்கே சட்டையில் மெடலைக் குத்திக்கொள்வார். மீன்காரம்மா விலை சொன்னால் பதில் பேசாமல் விறைப்பாக ஒரு சல்யூட் அடிப்பார். அந்தம்மா மிரண்டுபோய் ஒரு மீனைக் கூடவே போட்டு அனுப்பிவிடும்.

பட்டாளத்தோடு வியட்நாமில் இருந்தபோது, சைகோனில் ஏதோ ஓர் அதிகாரி விட்டுப்போன ஆங்கிலப் புத்தகம் அவர் கைக்கு வந்திருந்தது. எழுதியவர் பெரிய நாவலாசிரியர், செத்து எத்தனையோ காலமாகிவிட்டது. பெயரைச் சொல்வது மரியாதை இல்லையென்று 'தொரை' என்றுதான் சொல்லுவார். தொரை கடைசிக் காலத்தில் பிள்ளைகளுக்காக ஒரு மர்மக் கதை எழுத ஆரம்பித்து, முடிக்காமலே கண்ணை மூடிவிட்டாராம். பாதிக்கதைக்கு ஆங்கிலம் அரைகுறை. மீதியைப் பிரெஞ்சும் கற்பனையும் பார்த்துக்கொண்டன.

காணாமல் போன ஒரு சின்னப் பையனைத் தேடி மூன்று பிள்ளைகள் பூட்டிக் கிடக்கும் பங்களாவுக்குள் நுழைகிறார்கள். மாடிப்படி ஏறுகிறார்கள். மேலே ஒரு கதவு. கதவுக்குப் பின்னால் யாரோ மூச்சு விடும் சத்தம். மூத்தவள் கைப்பிடியில் கை வைக்கிறாள். அவ்வளவுதான் புத்தகம்.

எனக்கு அப்போது பதினொரு வயது. பக்கத்து வீட்டு ரஃபேலுக்கும் அதே வயது. "அப்புறம் தாத்தா?" என்று நாங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டால், அவர் விரலை மேலே காட்டுவார். என்னை எப்போதும் பிரெஞ்சுக்காரச் சிறுமி மாதிரி 'மத்மசேல்' என்றுதான் கூப்பிடுவார்.

"தொரை இன்னும் எழுதல மத்மசேல். மேலதான் ஒக்காந்து எழுதிக்கிட்டு இருக்காரு."

நாங்கள் சிரித்திருப்போம். ஆனால் எங்கள் ஊரின் மத்தியான நேரம் உங்களுக்குத் தெரியாது. கடைகளெல்லாம் கதவை அடைத்துக்கொள்ளும். தெருவில் வெயிலைத் தவிர வேறு ஆள் இருக்காது. அந்த நேரத்தில் அவர் வீட்டு மாடியறையிலிருந்து சரக் சரக்கென்று பேனா கீறுகிற சத்தம் கேட்கும். கொஞ்சம் நிற்கும். நாற்காலி நகரும். மறுபடி சரக் சரக். நாங்கள் ஓடிப்போய் எங்கள் வீட்டுக்குள் புகுந்துகொள்வோம்.

தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பாதிக்கதை காபி போட்டு, மாடியறைக் கதவை ஒரு கை அளவு திறந்து, டம்ளரை உள்ளே வைத்துவிட்டு வருவார். சாயங்காலம் கையை மட்டும் விட்டு எடுப்பார். டம்ளர் காலியாக, கவிழ்த்து வைத்திருக்கும். நானே பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட அவர் உள்ளே எட்டிப் பார்த்ததில்லை. எழுதுகிற மனுஷனைத் தொந்தரவு செய்யக்கூடாதாம்.

அவர் குளியலறையில் இரண்டாம் முறை விழுந்தபோது பிரான்சிலிருந்து மகள் வந்தார், கூட்டிப்போவதற்கு. தனியாக இருந்தால் பிழைக்க மாட்டார் என்று டாக்டர் சொல்லியாயிற்று. பாதிக்கதை அசைந்து கொடுக்கவில்லை. கதை முடியாமல் எப்படி வருவது என்று ஒரே பிடிவாதம்.

அந்த அக்கா என் அம்மாவிடம் சொல்லி அழுததை நான் ஜன்னலோரம் நின்று கேட்டேன். அக்காவுக்குச் சின்ன வயதில் ஒரு தம்பி இருந்தானாம். சைகோன் துறைமுகத்தில் கப்பல் ஏறும் நெரிசலில் அப்பாவின் பிடியிலிருந்து அவன் கை நழுவிவிட்டது. கப்பல் கிளம்பிவிட்டது. எத்தனையோ கடிதம் போட்டும் தகவலே இல்லை. "அப்பாவுக்குக் கதை பைத்தியம் இல்லக்கா. அந்தக் கதவுக்குப் பின்னால பையன் இருக்கானான்னு தெரியணும், அவ்ளோதான்" என்றார்.

மறுநாள் மத்தியானம் நானும் ரஃபேலும் அந்த மாடியறையைப் பார்த்துவிடுவதென்று கிளம்பினோம். துப்பறியும் கதைகளில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் ரொட்டியும் ஜாமும் கட்டிக்கொண்டு போவார்கள், கூடவே கெட்டிக்கார நாய் ஒன்று வரும். எங்களிடம் பொரி இருந்தது. தெரு நாயைக் கூப்பிட்டதற்கு அது ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

தாத்தா சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தார். மரப்படி ஏறினோம். மேலே கதவு. சரக் சரக். நடுவே யாரோ மூச்சு விடும் சத்தம். கைப்பிடியில் கை வைத்தவள் நான்தான். எங்கேயோ கேட்ட கதை மாதிரி இருக்கிறதே என்று தோன்றியது. ரஃபேல் சிலுவை போட்டுக்கொண்டான்.

திறந்தேன்.

மேஜை. நாற்காலி. மசிக்கூடு. வெள்ளைத் தாள் ஒரு கட்டு, ஓர் எழுத்துகூட இல்லை. ஓட்டு இடுக்கில் ஒரு மரநாய் எங்களை முறைத்துவிட்டு, நகத்தால் உத்தரத்தைச் சரக்கென்று கீறி மறைந்தது. 'இதுக்காடா இத்தனை நாள் நடுங்கினோம்' என்று எனக்குக் கோபமே வந்தது.

"யாரு மேல?"

படியடியில் பாதிக்கதை நின்றிருந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் சட்டைப் பொத்தானைச் சரிசெய்துகொண்டு, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"தொரை முடிச்சிட்டாரா மத்மசேல்?"

ரஃபேல் வாயைத் திறந்தான். நான் அவன் காலை நன்றாக மிதித்தேன். வெள்ளைத் தாளைக் கையில் எடுத்து, படியில் நின்று உரக்க வாசித்தேன். மூத்தவள் கதவைத் திறந்தாள். பையன் உள்ளேதான் இருந்தான். நன்றாக வளர்ந்திருந்தான். யாரோ நல்லவர்கள் சோறு போட்டு வளர்த்திருக்கிறார்கள். 'ஏன் இவ்ளோ நேரம்?' என்று கேட்டான்.

தாத்தா கடைசிப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

"உயிரோட இருக்கானா?"

"இருக்கான் தாத்தா."

"கோவமா இருக்கானா?"

"இல்ல தாத்தா. சிரிக்கிறான்."

அவர் எழுந்து நின்று, மாடியைப் பார்த்து ஒரு சல்யூட் அடித்தார். "மெர்சி முசியே" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார். அந்த வாரமே மகளோடு போய்விட்டார்.

வண்டி தெருமுனை திரும்பியதும் ரஃபேல் என் காதருகே கேட்டான்: "மரநாய் காபி குடிக்கும், சரி. டம்ளரக் கவுத்து வைக்குமா?" நான் அந்த வீட்டு மாடியை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தேன்.

தாத்தா பிரான்சிலேயே காலமானார் என்று பின்னால் செய்தி வந்தது. இப்போது நானும் எழுதித்தான் பிழைக்கிறேன். மத்தியானத்தில் ஒரு கட்டுரை முடியாமல் இழுத்தால், மேஜைக்கு எதிர்ப்பக்கம் இன்னொரு டம்ளர் காபி வைப்பேன். சாயங்காலம் ஆறிப்போய் அப்படியே இருக்கும், நானே குடித்துவிடுவேன். என்றைக்காவது அது காலியாகிக் கவிழ்ந்திருந்தால் நான் பயப்பட மாட்டேன், தாத்தா. சர்க்கரை சரியாக இருந்ததா என்று மட்டும் கேட்பேன்.