மிச்சமான திருகாணிகள்

மனிதர்களில் 'உள்ளே மாற்றுவோர்' என்று ஓர் இனம் உண்டு. வெளியே எதையும் தொடமாட்டார்கள். கூரை ஒழுகும், கதவு கீல் கழன்று தொங்கும், கட்டிய மனைவி கிழிந்த சேலையோடு நிற்பாள். அதெல்லாம் அவர்கள் கண்ணில் படாது. ஆனால் நான்கு பக்கமும் மூடி, மூலைக்கு ஒரு திருகாணி போட்டு, 'திறக்காதீர்' என்று கம்பெனிக்காரன் அச்சடித்து அனுப்பிய ஒரு பெட்டியைக் கண்டுவிட்டால் போதும், கை பரபரக்கும், மூச்சு வாங்கும், பெண் பார்க்கப் போன மாப்பிள்ளைபோல் முகம் சிவக்கும். அதன் பிறகு அந்தப் பெட்டி பழைய பெட்டியாக இராது. வீடும்தான்.

இந்த இனத்தில் ஒருவருக்குக் கழுத்தை நீட்டியவள் பசியாவரத்துப் பவுனம்மாள். பழவேற்காடு ஏரிக்கு நடுவே, மின்சாரம் எட்டிப் பார்க்காத தீவு அது. எழுபத்தெட்டாம் வருஷம் அங்கே மொத்தமே இரண்டு ரேடியோக்கள்தான். ஒன்று அவள் புருஷன் சகாதேவனுடையது. இன்னொன்று அடுத்த வீட்டுக் கண்ணப்பனுடையது. இரண்டும் பேட்டரிக் கட்டையில் பாடுபவை.

சகாதேவனின் ரேடியோ ஒழுங்கான ரேடியோ என்று யாரும் சொல்லமாட்டார்கள். மழைக்காலத்தில் கமறும், வெயில்காலத்தில் ஊமையாகும், பாட்டு உச்சிக்குப் போகிற நேரம் பார்த்து முள் ஓரிடத்தில் சிக்கிக்கொண்டு நகரமாட்டேன் என்று அடம்பிடிக்கும். தலையில் இரண்டு தட்டினால் பாடும். மூன்றாவது தட்டினால் கோபித்துக்கொள்ளும். பவுனம்மாள் அதோடு குடும்பம் நடத்தப் பழகியிருந்தாள். சகாதேவனோடு நடத்துகிறவளுக்கு அது எம்மாத்திரம்?

ஒருநாள் பழவேற்காட்டுக் கடைத்தெருவில் ரேடியோ பழுது பார்க்கும் ஜெகபர் அலி அவனிடம் சொல்லக்கூடாததைச் சொல்லிவிட்டார்.

"பொட்டி நல்லாத்தான் கீது, சகாதேவா. உள்ள கீற கம்பெனி போர்டத் தூக்கிப் போட்டுட்டு நாமளே ஒண்ணு கட்டி வெச்சிக்கலாம். மெட்ராஸ்ல பசங்க அப்பிடித்தான் செய்றாங்க. படம் வரைஞ்சி ஆளுக்கு ஆள் சும்மாவே குடுத்துக்கறாங்க. கம்பெனிக்காரன் தயவே வேணாம்."

அவ்வளவுதான். மீன்கூடையோடு போன சகாதேவன் வேதத்தோடு திரும்பினான். வலை பரணுக்குப் போனது. ஈயப்பற்றும் கம்பிச்சுருளும் அடுப்பங்கரைக்கு வந்தன. பாயில் ரேடியோவின் குடலைப் பரப்பி, குழந்தை தவழ்கிற இடமெல்லாம் கோடு போட்டு, தாண்டக்கூடாது என்று சட்டம் போட்டான். மாதம் ஒன்று போயிற்று. புது போர்டு உள்ளே ஏறியது. பழையதையும் விட மனமில்லை. ஓரத்தில் ஒட்டவைத்து ஒரு விசை பொருத்தினான். இடதுபக்கம் தள்ளினால் பழையது, வலதுபக்கம் தள்ளினால் புதியது. நடுவில் நின்றால் நிசப்தம். பெரும்பாலும் நடுவில் நின்றது. மூடியபோது திருகாணிகள் நாலைந்து மிச்சம். "கம்பெனிக்காரன் வீணாப் போட்டு வெச்சிக்கீறான்" என்று அவற்றை ஒரு பவுடர் டப்பாவில் போட்டுப் பத்திரப்படுத்தினான்.

புது போர்டைப் பாடவைப்பது எளிது. இரண்டு கம்பிகளை முறுக்கி, ஈர விரலால் ஆணியைத் தொட்டு, குமிழை முதலில் பின்னால் திருகிப் பிறகு முன்னால் திருகி, மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். உடனே எந்த நாட்டுப் பாஷையோ தெரியாத ஒரு பாஷையில் யாரோ ஒருவர் கணீரென்று பேசுவார்.

"சிலோன் வர்லியே" என்றாள் பவுனம்மாள்.

"சிலோன்காரன் அனுப்பறது சரியில்ல."

"பாட்டு கேக்கறதுக்குத்தானே ரேடியோ?"

"பாட்டா?" சகாதேவன் பரிதாபமாகப் பார்த்தான். "அது எப்பிடிப் பாடுதுன்னு தெரிஞ்சிக்கறதுக்குடி."

இந்த இனத்தார் தாங்கள் மாறினால் மட்டும் அடங்கமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். ஏரியில் எதிர்ப்படும் படகையெல்லாம் நிறுத்திப் போதனை நடந்தது. கண்ணப்பனைக் கண்டால் விடுவதில்லை.

"நம்முது நல்லாத்தான் பாடுது, சகாதேவா."

"பாடுது. யார் சொல்லிப் பாடுது? அதக் கேளு."

கண்ணப்பன் அன்றிரவு தூங்கவில்லை என்று கேள்வி.

இதற்கிடையில் பவுனம்மாளின் நெஞ்சுக்குள் வேறொரு பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சகாதேவனைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் அப்பா தருமலிங்கம் அவள் வாசலை மிதித்ததில்லை. எளாவூர் சோதனைச்சாவடிப் பக்கம் டீக்கடை வைத்திருந்தார். பேத்தி பிறந்ததற்கும் வரவில்லை. அந்தக் கடையில் ரேடியோ மட்டும் ஓய்வதே இல்லை. அதனால்தான் மகள் குணசுந்தரியின் முதல் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லும்படி இலங்கை வானொலிக்கு எழுதிப் போட்டிருந்தாள். வாழ்த்துகிறவர்கள்: அம்மா, அப்பா, கடைசியாக, எளாவூர்த் தாத்தா தருமலிங்கம். அந்தப் பெயரைச் சொல்வார்களா, விட்டுவிடுவார்களா? தன் காதால் கேட்டால்தானே, நைனாவும் கேட்டிருப்பார் என்று காத்திருக்கலாம்?

பிறந்தநாள் காலையில் கெஞ்சினாள். "இன்னிக்கு ஒரு நாள் அதத் தொடாத. இடதுபக்கம் தள்ளி வுட்டுடு. பழசாவே பாடட்டும்."

"தொடல. சும்மா பாக்கறேன்."

'சும்மா பார்க்கிறேன்' என்று இவர்கள் சொன்னால், திருகாணிகள் ஏற்கெனவே தட்டில் இருக்கின்றன என்று பொருள்.

சாயங்காலம் வாழ்த்து நேரத்துக்கு வந்து பார்த்தால் ரேடியோ பாயெங்கும் கிடந்தது. விசை மட்டும் சகாதேவன் கையில் இருந்தது. குழந்தையை இடுப்பில் வாரிக்கொண்டு கண்ணப்பன் வீட்டுக்கு ஓடினாள். கண்ணப்பன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். எதிரே திறந்த வயிற்றோடு அவன் ரேடியோ.

"மத்தியானம் உன் ஊட்டுக்காரன் வந்தாம்மா. நம்முதுக்கும் விடுதலை குடுத்துட்டுப் போனான்."

பசியாவரம் அன்று பூரண சுதந்திரம் பெற்றிருந்தது. ஊரில் ஒரு ரேடியோவும் பாடவில்லை. ஏரிக்கரையில் போய் நின்றாள் பவுனம்மாள். அந்த நிமிஷம் கொழும்பிலிருந்து புறப்பட்ட அவள் மகளின் பெயர் கடலைத் தாண்டி, ஏரியைத் தாண்டி, அவள் தலைக்கு மேலேயே போய்க்கொண்டிருந்தது. கீழே இறங்க அதற்கு வழியில்லை. குழந்தை சிரித்தது. தாய் அழுதாள்.

சகாதேவன் பின்னாலேயே வந்தான், காதில் திருப்புளியைச் செருகிக்கொண்டு.

"நாளைக்குக் காலையில சரியாப் பூடும்."

"நாளைக்கும் சொல்லுவாங்களா? வருசத்துக்கு ஒரு தபாதான்யா புள்ளைக்குப் பொறந்தநாளு."

மறுநாள் முதல் ஓடத்தில் தருமலிங்கம் வந்து இறங்கினார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிக்கொண்டு தண்ணீரில் நடந்து வந்தவரின் கக்கத்தில், துண்டில் சுற்றிய ஒரு பொட்டலம்.

"புள்ள பேரச் சொன்னாம்மா. என் பேரையும் சொன்னான். எளாவூர்த் தாத்தான்னு. டீ குடிச்சிட்டிருந்த அத்தினி பேரும் என்னையே பாத்தாங்க. நீயும் கேட்டியா?"

பவுனம்மாள் புருஷனைப் பார்த்தாள். அவன் மணலைப் பார்த்தான். உண்மையைச் சொன்னால் மூன்று வருஷத்துக் கோபம் ஓடத்திலேயே திரும்பி ஏறிக்கொள்ளும்.

"கேட்டேன் நைனா. நல்லாக் கேட்டுது."

தருமலிங்கம் பேத்தியை வாங்கி முத்தமிட்டு, பொட்டலத்தை மகள் கையில் கொடுத்தார். கடை ரேடியோ. "புள்ளைக்குத்தான். இனிமே நான் இங்க வந்து கேட்டுக்கறேன்."

மூன்று வருஷமாக மாமனாரிடம் ஒரு வார்த்தை பேசாத சகாதேவன் தொண்டையைச் செருமினான். பவுனம்மாளின் கண்ணில் நீர் தளும்பியது. மன்னிப்புக் கேட்கப் போகிறான் என்று நினைத்துவிட்டாள்.

"மாமா, இதுக்குள்ள கீறது கம்பெனி போர்டா?"

பவுனம்மாள் ரேடியோவை நெல் குதிருக்குள் இறக்கி, மூடி போட்டு, அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். இறங்கச் சாயங்காலம் ஆயிற்று.

சிரிக்கிறீர்களா? நல்லது. சிரித்து முடித்ததும் உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டைத் துழாவிப் பாருங்கள். ஒரு பவுடர் டப்பாவோ பிஸ்கட் டப்பாவோ அகப்படும். குலுக்குங்கள். கலகலவென்றால், உள்ளே இருப்பவை எதிலிருந்து கழன்றவை என்று வீட்டுக்காரியைக் கேட்கலாம். அந்தச் சாமான் இப்போது எப்படி ஓடுகிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நன்றாகத்தான் ஓடுகிறது என்பாள், உங்கள் முகத்தைப் பார்த்தபடியே.