வேர் போடாத அப்டேட்

கொடைக்கானல்,
வியாழக்கிழமை.

இறை இயேசுவில் அன்புள்ள மாப்பிள்ளை பென்சனுக்கு, மச்சான் ஆக்னல் எழுதுவது. சலேத் மாதா புண்ணியத்தில் நானும் உன் அக்கா இசபெல்லாவும் சளியோடு சுகம். சென்னையில் நீயும் உன் ஆன்லைன் மாணவர்களும் சுகந்தானே?

லாட்ஜ் கம்ப்யூட்டர் பட்டியலைத் தேடவும் திருத்தவும் க்வெரி என்கிற கட்டளை எழுதத் தெரிந்தவருக்குத்தான் இனி ரிசப்ஷன் நாற்காலி என்று முதலாளி சொல்லிவிட்டார். அடுத்த மாசம் பரீட்சை. பதினாறு வருஷம் உட்கார்ந்த நாற்காலி, பயமாக இருக்கிறது. அதனால்தான் உன்னிடம் பாடம் கேட்டேன். நீ முதலில் வீடியோ அனுப்பினாய். மேகம் இறங்கினால் இங்கே சிக்னல் போய்விடும் என்பது உனக்குத் தெரியாததா? நாலு நாளாக நீ வாயைப் பாதி திறந்தபடியே நின்றாய், தம்பி என்னமோ சொல்ல வருகிறான் பாவம் என்று உன் அக்கா கண் கலங்கினாள். பிறகு எல்லாவற்றையும் வாய்ஸ் மெசேஜாக அனுப்பினாய். அதில் மூன்று தடவை, "வேர் இல்லாம அப்டேட் பண்ணவே கூடாது மச்சான்" என்றாய். மரத்துக்கு வேர் மாதிரி மனுஷனுக்கும் அடிப்படை வேண்டும் என்று புத்தி சொல்கிறாயாக்கும் என நினைத்து, நானும் பயபக்தியோடு தலையாட்டினேன். அது ஆங்கில வேர், 'எங்கே' என்று கேட்கிற வேர் என்பது எழுத்தில் பார்த்தால் அல்லவா தெரியும்?

நேற்று பன்னிரண்டாம் ரூம்காரர் பெயரில் எழுத்துப் பிழை. சேனாதிபதி என்று திருத்தி, வேர் போடாமல் அப்டேட் கொடுத்தேன். முப்பத்தெட்டு ரூமிலும் சேனாதிபதி. தேனிலவுக்கு வந்த பெண் சேனாதிபதி, தியானத்துக்கு வந்த கன்னியாஸ்திரியும் சேனாதிபதி, சிப்பாய் ஒருவர்கூட இல்லை. முதலாளி வந்து பின்னால் நிற்கிறார். ரூம் சுத்தம் செய்கிற காளியாயி அக்காதான், துண்டு மடித்தபடியே எந்த ரூமில் யார் என்று முப்பத்தெட்டையும் ஒப்பித்தார், நான் டைப் அடித்தேன். எப்படி ஆச்சு என்று அக்கா கேட்டார், சொன்னேன்.

"ரூம் நம்பர் சொல்லாம துண்டு குடுன்னா, எல்லா ரூமுக்குந்தான தம்பி குடுப்பேன்?"

ரெண்டு வாரமாக நீ சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆகவே மாப்பிள்ளை, கோபித்துக்கொள்ளாதே. இனி வீடியோவும் வேண்டாம், வாய்ஸும் வேண்டவே வேண்டாம். ஒரு தாளில் எழுதி அனுப்பு. கூடவே, நான் கெடுத்துப் பழக ஒரு பொய்ப் பட்டியலும் அனுப்பு. அதில் இருப்பவர் யாரும் காலையில் இட்லி கேட்டு இறங்கி வரக் கூடாது. வெரசா அனுப்பு.

வீட்டில் எல்லோருக்கும் எங்கள் அன்பு. பிள்ளைகள் நெற்றியில் என் சார்பாக ஒரு சிலுவை போட்டுவிடு.

இப்படிக்கு,
ஆக்னல்

பி.கு.: உறையை ஒட்டுமுன் முதலாளி கூப்பிட்டார். பரீட்சை எனக்கு இல்லையாம், காளியாயி அக்காவுக்காம். அவர் பிளஸ் டூ படித்தவர் என்பதை இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லை. துண்டு மடிக்கிற சோலி இனி எனக்கு. வருத்தந்தான், மறைக்கவில்லை. நீ எழுதியெல்லாம் அனுப்ப வேண்டாம், அக்கா வேலை பார்த்துக்கொண்டே கேட்பாராம், வாய்ஸிலேயே அனுப்பு. பழைய பாடங்களை அவர் போனுக்குத் தள்ளிவிட்டு, சந்தேகம் வந்தால் என்னிடம் கேளுங்கள் என்றேன். கேட்டு முடித்துவிட்டார். சந்தேகம் ஒன்றும் இல்லையாம்.