மாப்பிள்ளை தேர்ந்தெடுத்த டயர்

உலகத்திலேயே ஆபத்தான ஆள் யார் என்று என்னைக் கேட்டால், கல்யாணமாகி எட்டு மாதமான மாப்பிள்ளைதான் என்று அடித்துச் சொல்வேன். அவன் என்ன உளறினாலும் மாமனார் வீட்டில் மறுத்துப் பேச ஆள் கிடையாது. கொளுத்துகிற வெயிலில் நின்றுகொண்டு மழை வருகிறது என்று அவன் சொன்னால், குடை எடுக்க ஒருத்தர் உள்ளே ஓடுவார். அப்படிப்பட்ட மாப்பிள்ளையாக நானும் கொஞ்ச காலம் இருந்தேன். அந்தப் பதவி பறிபோன கதைதான் இது.

என் மனைவி ஜெபாவின் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். மாமாவுக்கு நெல்லும் வாழையும் உண்டு. நான் பாளையங்கோட்டையில் பிறந்து, சென்னையில் ஒரு அலுவலகத்தில் கம்ப்யூட்டரை முறைத்துப் பார்ப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன். வயலுக்குள் இறங்கினால் செருப்பை எங்கே கழற்றுவது என்றுகூடத் தெரியாது. ஆனாலும் அந்த வீட்டில் என் சொல்லுக்கு மறுசொல் இல்லை.

மாமாவிடம் ஒரு பெரிய பழைய ஜீப் உண்டு. (இப்போதும் ஓடுகிறது. அதற்குச் சாவே கிடையாது போலிருக்கிறது.) பின்னால் கொக்கி போட்டு டிரெய்லரை இழுப்பதுதான் அதன் வேலை. வாழைத்தார், உரமூட்டை, மோட்டார் பம்பு, எது வேண்டுமானாலும் இழுக்கும். ஆனால் மாமா அதை வைத்திருப்பதே அசனத்துக்காகத்தான். அசனம் என்றால் எங்கள் பக்கத்துச் சர்ச்சுகளில் வருடத்துக்கு ஒருமுறை ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் கறிச்சோற்று விருந்து. அதற்கான அரிசியும் சமைக்கிற அண்டாக்களும் மாமா வீட்டிலிருந்துதான் போகும். அவருடைய அப்பா காலத்தில் மாட்டுவண்டியில் போயின, இப்போது ஜீப்பில் போகின்றன. ஒரு வருடம்கூடத் தவறியதில்லை என்பதில் மாமாவுக்கு இருக்கிற பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

அந்த வருடம் அசனத்துக்குப் பத்து நாள் இருக்கும்போது நான் ஊருக்கு வந்திருந்தேன். ஜீப்பின் டயர் நாலும் மொட்டை. காலையில் காப்பி குடிக்கும்போது மாமா சொன்னார்:

"டயரு மாத்தணும் மாப்ள. நீங்களும் ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்களேன்."

இது மரியாதைக்குக் கேட்கிற கேள்வி. "உங்களுக்குத் தெரியாததா மாமா" என்று சொல்லிவிட்டு அடுத்த இட்லியைப் பார்க்க வேண்டும். ஜெபா அடுக்களைக் கதவருகே நின்று 'வேண்டாம்' என்று கண்ணைக் காட்டினாள். நானோ போனை எடுத்து, டயர் வாங்குவது எப்படி என்று வீடியோ பார்க்க ஆரம்பித்துவிட்டேன். அன்று மத்தியானத்துக்குள் பதினாலு வீடியோ முடித்தேன். (அத்தனையும் வெளிநாட்டுக்காரர்கள் பளபளக்கும் கார்களை வைத்துக்கொண்டு பேசியவை. ஒருத்தர் வண்டியிலும் வாழைத்தார் இல்லை.)

திருநெல்வேலியில் மாமா வழக்கமாக வாங்கும் டயர் கடை. கடை அண்ணாச்சி ஜீப்பை ஒரு பார்வை பார்த்தார், உள்ளே போனார், பெரிய பெரிய பட்டன்களாக ரப்பர் புடைத்த ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்தார்.

"தம்பி, பின்னால டிரெய்லர் இழுக்குத வண்டில்லா? இதுதான் சரி. சகதில கவ்விப் பிடிக்கும். பக்கமும் கெட்டி, பாரம் அமுக்குனாலும் அசையாது."

எனக்கு அது டிராக்டரிடமிருந்து பிடுங்கியது மாதிரி அசிங்கமாகத் தெரிந்தது. சுவரோரம் அகலமாக, வழவழவென்று, கறுப்புக் கண்ணாடி போல ஒன்று இருந்தது. பார்த்ததும் மனசு போய்விட்டது.

"அண்ணாச்சி, அது இந்த வண்டிக்கு ஏறுமா?"

"ஏறும். ஏறாதுன்னு இல்ல. காருக்குன்னா பிரமாதமான டயரு, ரோட்டுல சத்தமே கேக்காது." பிறகு குனிந்து டயரின் பக்கவாட்டில் விரலை வைத்தார். "இந்தா, இந்த எண்ணு இருக்குல்லா, எம்புட்டு எடை தாங்கும்னு சொல்லுதது. இது உங்க டிரெய்லருக்குக் காணாது தம்பி."

"அதெல்லாம் கம்பெனிக்காரன் பயமுறுத்தப் போடுறது" என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "அண்ணாச்சி, யோசிச்சுப் பாருங்க. இழுக்கிறது இன்ஜின். டயர் சும்மா உருளத்தானே செய்யுது?"

வாழ்நாள் முழுக்க டயருக்கு நடுவிலேயே இருந்த மனிதர் அவர். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். மாமா சுவரில் தொங்கிய காலண்டரைப் படித்துக்கொண்டிருந்தார்.

"மாப்ள சொல்லுதாவல்லா வே" என்றார் மாமா, காலண்டரிலிருந்து கண்ணை எடுக்காமல். "அதையே மாட்டும்."

திரும்பி வரும் வழியெல்லாம் நான்தான் பேசினேன். "பாத்தீங்களா மாமா, சத்தமே இல்ல." "ஆமா மாப்ள, சத்தமே இல்ல." வீட்டில் அத்தை வாசலுக்கு வந்து பார்த்துவிட்டு, "நல்ல லெட்சணமா இருக்கு மாப்ள" என்றார்கள். ஜெபா மட்டும் டயரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அப்பாகிட்ட நெசமாவே இதத்தான் வாங்கச் சொன்னீங்களா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "கர்த்தாவே" என்று மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அசனத்துக்கு மூன்று நாள் முன்பே எனக்குச் சென்னைக்கு ரயில். ஆனால் மாமாவுக்கு ஒத்தாசையாக இருப்போமே என்று டிக்கெட்டை ரத்து செய்து லீவை நீட்டித்தேன். "அசனச் சாமான நானே ஓட்டிட்டுப் போறேன் மாமா" என்று அறிவித்தபோது வீட்டில் எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

அசனத்துக்கு முந்தின நாள் மத்தியானம் கிளம்பினோம். டிரெய்லரில் அரிசி மூட்டைகளை மாமா அடுக்கி, தார்ப்பாய் போர்த்திக் கட்டினார். அதன்மேல் மூன்று பெரிய அண்டாக்களை நான் கட்டினேன். (இந்த வேலைப் பிரிவினையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.) சாயங்காலத்துக்குள் சாமான் சர்ச்சுக்குப் போய்ச் சேர வேண்டும். சமையல்காரர்கள் அங்கே அடுப்பு வெட்டிக் காத்திருந்தார்கள். நான் ஸ்டியரிங்கில், பக்கத்தில் மாமா.

முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. தார் ரோடு முடிந்து, ஒரு பக்கம் வாய்க்கால், மறுபக்கம் வாழைத்தோட்டம் என்றிருந்த கரைக்குத் திரும்பியதுமே ஜீப்பின் பின்பக்கம் குடித்தவன் மாதிரி ஆட ஆரம்பித்தது. கண்ணாடியில் பார்த்தேன். பின் டயர் இரண்டும் பாரத்தில் பிதுங்கி வெளியே தொங்கின.

"பைய மாப்ள. பைய" என்றார் மாமா.

"ஒண்ணும் ஆகாது மாமா."

பாலத்துக்கு முன்னால் ஒரு மேடு. அவ்வளவு பெரிய மேடுகூட இல்லை. சைக்கிள்காரர்கள் மிதித்தே ஏறுவார்கள். பாதி ஏறியதும் சக்கரம் சுற்றியது, வண்டி நகரவில்லை. ஆக்ஸிலேட்டரை அமுக்கினேன். சக்கரம் இன்னும் வேகமாகச் சுற்றியது, வண்டி பின்னால் நகர்ந்தது. களிமண்ணில் என் அழகான டயர்கள் சத்தமே இல்லாமல் வழுக்கின. அந்த ஒரு விஷயத்தில் கடை அண்ணாச்சி சொன்னது சரிதான்.

டிரெய்லர் ஜீப்பைப் பிடித்துப் பின்னால் இழுக்க ஆரம்பித்தது. நான் இரண்டு காலாலும் பிரேக்கில் ஏறி நின்றேன். வண்டி பக்கவாட்டில் திரும்பியது.

"ஏலே! பிரேக்க விடுலே! கூறுகெட்ட பயலே, ஸ்டியரிங்க வாழைப் பக்கம் ஒடிலே!"

யார் கத்துவது என்று திரும்பிப் பார்த்தேன். மாமாதான்! எட்டு மாதமாக 'வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள' என்ற அதே வாய். அந்த அதிர்ச்சியில் காலை எடுத்து, ஸ்டியரிங்கை ஒடித்தேன். அதனால்தான் ஜீப் வாய்க்காலில் விழாமல் வாழைத்தோட்டத்துச் சகதியில் போய் நின்றது. டிரெய்லர் மட்டும் வாய்க்கால் பக்கமாகச் சாய்ந்து நின்றது. மாமா கட்டிய அரிசி மூட்டையில் ஒன்றுகூட அசையவில்லை. நான் கட்டிய அண்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாக உருண்டு, வாய்க்காலில் 'தொம் தொம்' என்று விழுந்து, நிமிர்ந்து மிதந்து, வரிசையாகக் கிழக்கே கிளம்பின.

"எறங்குலே! அண்டா போவுதுலே!"

இருவரும் குதித்தோம். நெஞ்சளவு தண்ணீர். கடைசி அண்டாவின் காதை நான் எட்டிப் பிடித்தபோது, மாமா எனக்கு முன்னால் வந்து நின்று கையைக் கூப்பினார். உண்மையாகவே கூப்பினார்.

"மாப்ள, மன்னிச்சிருங்க. அவசரத்துல வாயி தவறிட்டு. மாப்ளையப் போயி 'லே'ன்னுட்டேன். மனசுல வச்சிக்கிடாதீங்க."

"மாமா, அண்டா ரெண்டு போகுது!"

"போட்டும் மாப்ள. நீங்க கோவிச்சிக்கிடலன்னு ஒரு வார்த்த சொல்லுங்க."

ஊருக்கே சோறு வடிக்க வேண்டிய அண்டா தண்ணீரோடு போகிறது. பரம்பரையாகத் தவறாத காரியம் என்னால் தவறப் போகிறது. அவரானால் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிற்கிறார். எனக்கு அழுகை வந்துவிட்டது. முகமெல்லாம் நனைந்திருந்ததால் மாமாவுக்குத் தெரிந்திருக்காது.

சத்தம் கேட்டுப் பக்கத்து வயலிலிருந்து காசிம் பாய் டிராக்டரோடு வந்தார். மாமாவின் பழைய கூட்டாளி. கரையில் நின்று ஜீப்பின் டயரைக் குனிந்து பார்த்தார்.

"யா அல்லாஹ்! இந்த டயர யாரு வே போட்டது? வழுக்குப் பாறை கணக்கால்லா இருக்கு!"

"நாந்தான் பாய்" என்றார் மாமா, ஈர வேட்டியைப் பிழிந்துகொண்டே. "வயசாயிட்டுல்லா. கண்ணு சரியாத் தெரியல, ஏதோ ஒண்ண எடுத்துட்டேன்."

அந்த நேரத்திலும் என்னை விட்டுக்கொடுக்கவில்லை அந்த மனிதர். எனக்குத் தாங்கவில்லை.

"இல்ல பாய். நான்தான் எடுத்தேன். கடைக்காரர் அவ்வளவு சொல்லியும் கேக்கல. மாமா பேர்ல தப்பில்ல."

"தெரியும் தம்பி, சும்மாதான் கேட்டேன்" என்றார் பாய் சாவகாசமாக. "டயர் கடை அண்ணாச்சி போன வாரமே சொன்னாரு. நல்ல டயரு நாலும் அங்கன தனியா எடுத்து வச்சிருக்கு. நீங்க ரயிலேறுன மறுநாளு உங்க மாமா மாத்துததா இருந்தாவ. நீங்கதான் லீவ நீட்டிட்டீங்கள்லா!"

மாமா இப்போது வாழை இலைகளைப் படித்துக்கொண்டிருந்தார்.

டிரெய்லரைக் கழற்றி டிராக்டரில் மாட்டினோம். ஒரு அண்டாவைக் கீழேயுள்ள படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் இழுத்துக் கரையேற்றி வைத்திருந்தார்கள். இன்னொன்று மதகில் முட்டிக்கொண்டு நின்றது. வெளிச்சம் மங்குவதற்குள் சர்ச்சுக்குப் போய்விட்டோம். அங்கே நடந்ததைக் கேட்டு யாரும் ஒரு சொல் குறை சொல்லவில்லை. ஒரு அம்மா என் தலையைத் துவட்டத் துண்டு தந்தார்கள். மறுநாள் அசனம் குறைவில்லாமல் நடந்தது. அரிசி நனையவில்லை, நாள் தவறவில்லை, மாமா தலை குனியவில்லை. அத்தனை பேரையும் நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு நிறைந்துபோகிறது.

பந்தியில் மாமா கறி வாளியோடு என் இலைக்கு வந்தார். "மாப்ள, இன்னும் கொஞ்சம்..." என்று தயங்கினார்.

"மாமா, நேத்து கூப்பிட்ட மாதிரியே கூப்பிடுங்க. அதுதான் நல்லா இருக்கு."

சுற்றிலும் பார்த்தார். மெல்லக் குனிந்தார். "நல்லாத் தின்னுலே" என்று சொல்லி, ஒரு கரண்டிக்கு இரண்டாகப் போட்டார்.

அன்று போன மாப்பிள்ளைப் பதவி திரும்பி வரவேயில்லை. சகதியில் புரண்ட டயரைக் கடையில் எந்த முகத்தோடு திருப்பிக் கொடுப்பது? நாலில் ஒன்று மாமா வீட்டு வேப்பமரத்தில் ஊஞ்சலாகத் தொங்குகிறது. என் மகள் அதில் ஆடும்போதெல்லாம், "இத யாரு வாங்குனது தாத்தா?" என்று கேட்பாள். "ஒங்க அப்பந்தான், அந்தக் கூறுகெட்ட பய" என்பார் மாமா, நான் பக்கத்தில் இருக்கும்போதே.

போன மாதம் ஜெபாவின் தங்கைக்குக் கல்யாணம் முடிந்து, புது மாப்பிள்ளை விருந்துக்கு வந்திருந்தான். "வாங்க மாப்ள, உக்காருங்க மாப்ள" என்று மாமா உருகினார். பிறகு என் பக்கம் திரும்பி, "ஏலே, அந்தச் சேர எடுத்து மாப்ளைக்குப் போடு" என்றார். போட்டேன். சகலை என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தான். நானும் அவனை அப்படித்தான் பார்த்தேன்.

காப்பி வந்தது. "வயலுக்கு ஒரு மோட்டார் பம்பு வாங்கணும் மாப்ள" என்றார் மாமா. "நீங்களும் ஒரு எட்டு வந்து பாத்துச் சொல்லுங்களேன்."

சகலை உடனே போனை எடுத்து வீடியோ தேட ஆரம்பித்தான். ஜெபா என்னை இடித்து, "சொல்லுங்களேன், பாவம்லா" என்றாள். நான் வாயே திறக்கவில்லை. அவனும் ஒரு 'லே' வாங்க வேண்டாமா?