இடுப்பில் ஒரு துண்டு

மேல் தட்டில் இருந்த ஆணிப் பெட்டியை எடுக்க ஸ்டோர் கீப்பர் இரண்டு கைகளையும் தூக்கினார். அந்த நேரம் பார்த்து அவருடைய பேண்ட் இடுப்பை விட்டு இறங்கியது. பெட்டியை விடுவதா, பேண்ட்டை விடுவதா என்று யோசிக்க நேரமில்லை. பெட்டியை விட்டார். கிடங்கு முழுக்க ஆணி சிதறியது.

"என்ன சார், பெல்ட் போடலையா?" என்றார் பக்கத்து மேஜைக் கணக்கர்.

"வாங்கினதே இல்ல. இத்தனை நாளா தொப்பையே பிடிச்சுக்கிச்சு."

குனிந்து ஆணி பொறுக்கும்போதும் அவர் குரலில் பெருமை குறையவில்லை. சர்க்கரை ஏறிக் கிடக்கிறது, தினமும் நடந்தாக வேண்டும், அடுத்த பரிசோதனைக்குள் இறங்காவிட்டால் ஊசிதான் என்று டாக்டரம்மா கறாராகச் சொல்லியிருந்தார். ஸ்டோர் கீப்பரின் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்கிறவள். வீடு முழுக்க ஊசி கிடக்கும். அவற்றோடு அவருக்கு ஒரு பகையும் இல்லை. டாக்டரம்மா சொன்ன ஊசியை நினைத்தால் மட்டும் தொடை கூசியது.

முதல் வாரம் ரோஷமாக நடந்தார். இரண்டாவது வாரம் செருப்பு கடித்தது. மூன்றாவது வாரம் மழை வருகிற மாதிரி இருந்தது. வரவில்லை, ஆனால் அந்த 'மாதிரி'யே அவருக்குப் போதும்.

"இவ்ளோ நடந்தும் வயிறு அப்படியேதான் இருக்கு. இதெல்லாம் சும்மா" என்று சோபாவில் சாய்ந்துவிட்டார். மனைவி தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த திங்கட்கிழமை பேண்ட் போடும்போதுதான் அந்த அதிசயம் நடந்தது.

"ஏம்மா, இங்க பாரேன். இடுப்புல ரெண்டு விரல் போகுது."

"அட, ஆமாங்க. நடந்தது வீண் போகல பாத்தீங்களா."

அதற்குப் பிறகு ஆளைப் பிடிக்க முடியவில்லை. கடித்த செருப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு ஷூ வாங்கினார். லிப்டை முறைத்துவிட்டுப் படியேறினார். கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் நடைப்பயிற்சி பற்றி வகுப்பெடுத்தார். ஒவ்வொரு பேண்ட்டாகத் தளரத் தளர, நடையும் நீண்டுகொண்டே போனது. இப்போது ஆணி சிதறியதுகூட அவருக்கு ஒரு பரிசளிப்பு விழாவாகத்தான் இருந்தது.

கணக்கருக்கு அது பொறுக்கவில்லை.

"ரொம்ப சந்தோஷப்படாதீங்க சார். சர்க்கரைக்காரங்க இப்படி மளமளன்னு இளைச்சா அது நடையால இல்ல. வியாதி உள்ளேர்ந்து அரிக்குதுன்னு சொல்வாங்க. என் மாமனாரும் இப்படித்தான் இளைச்சார்."

"இப்ப எப்படி இருக்கார்?"

கணக்கர் ஒரு ஆணியைப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்.

"நல்ல மனுஷன்" என்றார்.

ஸ்டோர் கீப்பர் கையிலிருந்த ஆணிகளை மறுபடியும் கீழே போட்டார். மூட்டை நிறுக்கும் தராசு கிடங்கின் மூலையிலேயே இருந்தது. ஏறிப் பார்த்திருக்கலாம். முள் எங்கே போய் நிற்குமோ என்ற பயத்தில் அன்று முழுக்க அந்தப் பக்கமே திரும்பவில்லை.

வீட்டில் சொல்லவும் மனம் வரவில்லை. தனக்கு ஏதாவது ஆகிவிட்டால் இவள் தனியாக என்ன செய்வாள் என்ற நினைப்புதான் ஓடியது.

"இந்தப் பேண்ட்டை இடுப்புல கொஞ்சம் பிடிச்சுக் கொடேன்" என்று மட்டும் சொன்னார்.

"வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கறேன்."

இரண்டு நாள் கழித்துப் போட்டுப் பார்த்தார். முன்னைவிட இன்னும் தொளதொளவென்று இருந்தது.

"பிடிச்சியா?"

"பிடிச்சேனே. அதுக்குள்ள மறுபடியும் இளைச்சுட்டீங்க போல" என்று மனைவி சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. இரண்டே நாளில் இவ்வளவு என்றால், மாதக் கடைசியில் பேண்ட் மட்டும்தான் ஆபீசுக்குப் போகும்.

நடையை விடவும் பயம். விட்டால் அன்றைக்கே கதை முடிந்துவிடும் என்று தோன்றியது. முன்பு ஆசையில் நடந்தவர் இப்போது பீதியில் நடந்தார். யாரும் கேள்வி கேட்காமல் இருக்க, இடுப்பில் ஒரு துண்டைச் சுற்றி அதன் மேல் பேண்ட்டைப் போட்டுக்கொண்டார். கச்சிதமாக நின்றது. கண்ணாடியில் பழைய தொப்பை திரும்பி வந்திருந்தது. அதைப் பார்த்ததும், ஊருக்குப் போயிருந்த சொந்தக்காரர் திரும்பி வந்தது போல அவருக்கு மனம் நிறைந்தது.

மனைவியின் முகம்தான் வாடிப்போனது.

"ஏங்க, தினமும் நடக்கறீங்கதானே?"

"நடக்காம?"

"இல்ல... ஒண்ணுமில்ல."

அந்த வாரமே துண்டையும் மீறிப் பேண்ட் நழுவியது. இன்னொரு துண்டைச் சுற்றினார். சில நாளில் அதுவும் போதவில்லை. இனி போர்வைதான் என்ற நிலை வந்ததும், பரிசோதனைத் தேதிக்குக் காத்திராமல், மனைவிக்கும் சொல்லாமல் டாக்டரம்மாவிடம் ஓடினார்.

எடை பார்க்கும்போது நர்ஸ் அவர் வயிற்றைச் சந்தேகமாகப் பார்த்தார். ஸ்டோர் கீப்பர் மெதுவாகச் சட்டையைத் தூக்கி, ஒவ்வொரு துண்டாக உருவி வைத்தார்.

"குளிக்க வந்தீங்களா?" என்றார் நர்ஸ்.

கண்ணை மூடிக்கொண்டு தராசில் ஏறினார். கண்ணை மூடியபடியே ரத்தமும் கொடுத்தார். முடிவு வந்தபோதும் கண்ணைத் திறக்கவில்லை.

"சர்க்கரை நல்லா இறங்கியிருக்கு. எடையும் அளவாத்தான் குறைஞ்சிருக்கு. ஊசி வேண்டாம், இப்படியே நடங்க" என்றார் டாக்டரம்மா.

"அளவாத்தானா? பேண்ட் இடுப்புல நிக்கவே மாட்டேங்குதே டாக்டர்."

"பேண்ட்டுக்கெல்லாம் நான் வைத்தியம் பாக்கறதில்லைங்க. தையல்காரங்ககிட்ட காட்டுங்க."

உயிர் திரும்பி வந்தவர் மாதிரி வெளியே வந்தார். ஒரு கையில் துண்டுகள், மறு கையில் பேண்ட்டின் இடுப்பு. பஸ்ஸைக்கூட விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தார். ஊசி இல்லை என்பதை மனைவியிடம் உடனே சொல்ல வேண்டும் என்று நெஞ்சு துடித்தது.

வாசல் கதவு திறந்திருந்தது. உள்ளே மெஷின் எதிரில், வாசலுக்கு முதுகைக் காட்டியபடி கணக்கரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். எப்போதும் ரவிக்கை தைக்கக் கொடுக்க வருகிறவள், இன்று மடியில் ஆம்பிளைப் பேண்ட்டுகளை அடுக்கி வைத்திருந்தாள். வாசலில் கணவரைப் பார்த்த மனைவி, பேசாதே என்று அவளுக்குக் கண்ணைக் கண்ணைக் காட்டினாள். அவள் அதைக் கவனிக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரையும் டாக்டர் நடக்கச் சொல்லிட்டார்க்கா, மனுஷன் அசைய மாட்டேங்கறார். அண்ணனுக்குச் செஞ்ச மாதிரியே இவர் பேண்ட்டையும் வாராவாரம் இடுப்புல கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு விட்டுக் கொடுங்க."