நான் நகரசபைக்குக் குடிபோன நாள்

என் மணவாழ்க்கையில் ஒரேயொரு முறைதான் கணவரை விட்டுப் பிரிந்திருக்கிறேன். அதுவும் மூன்று நாடுகளிலிருந்து வந்த விருந்தினர்கள் பார்த்துக்கொண்டிருக்க, பெரிய திரையில், மூன்று நிமிடத்துக்குள்.

நாங்கள் இருப்பது டென்மார்க்கில், ஹேர்னிங்கில். எனக்கு வேலை பக்கத்துக் கொமூன ஒன்றின், அதாவது உள்ளூராட்சியின், அலுவலகத்தில். (எது என்று கேட்காதீர்கள். இன்னும் சம்பளம் தருகிறார்கள்.) மக்கள் வரிசையில் நின்று நிரப்பிய படிவங்களை இணையத்துக்குக் கொண்டுவருவது எங்கள் பிரிவின் பணி. ஐரோப்பிய நகரங்கள் சில சேர்ந்து இதில் ஓர் ஏற்பாடு செய்திருந்தன. ஒரு நகரம் நன்றாகச் செய்த சேவையை மற்ற நகரங்கள் எடுத்துத் தங்கள் மொழியில் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் முதலிலிருந்து தொடங்கித் தலையைப் பிய்த்துக்கொள்ளத் தேவையில்லை. பின்லாந்து, ஸ்பெயின், நெதர்லாந்து நாடுகளில் ஒவ்வொரு நகரம், நான்காவது நாங்கள். வீடு மாறுவதைப் பதிகிற சேவை எங்கள் பங்கு. அதை வடிவமைத்தவள் நான். அந்த நாட்களில் என் கால் தரையில் பட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

விருந்தினர் வருகைக்காக மூன்று கிழமை ஓடித் திரிந்ததில் வீட்டுப் பக்கம் அதிகம் போகவில்லை. அன்று காலை என் கணவர் ரஞ்சன் பழைய பருப்பைச் சூடாக்கிக்கொண்டே கேட்டார்.

"இண்டைக்கும் பிந்தித்தான் வருவீரோ?"

"வெளிநாட்டு ஆக்கள் வருகினம் அப்பா. உங்களுக்கு இதெல்லாம் விளங்காது."

(அந்தக் கடைசி வசனத்தை நான் விழுங்கியிருக்கலாம்.)

"எனக்கு நல்லா விளங்குது. நீர் ஒரேயடியா அந்த ரோட்ஹூஸிலையே போய் இரும்!"

ரோட்ஹூஸ் என்றால் நகரசபைக் கட்டிடம். கதவை அடித்துச் சாத்திவிட்டு, பிராண்டேயில் தான் வேலை செய்யும் தொழிற்சாலைக்குக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நான் புதுக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஐரோப்பாவை வரவேற்கப் போனேன்.

மூன்று நிமிடத்தில் வீடு மாறுவதை மண்டபத் திரையில் செய்து காட்டுவதாக விருந்தினருக்குச் சொல்லியிருந்தேன். சோதனைக்கென்று சேவையின் போலிப் பிரதி ஒன்று வைத்திருந்தோம். அதில் யார் எங்கே குடிபோனாலும் ஒருவருக்கும் நட்டமில்லை. அன்றைக்கென்று பார்த்து அது திறக்காமல் சுற்றிக்கொண்டே நின்றது. என் மேலதிகாரி லேனே, "காப்பி குடித்துவிட்டு வருவோமா?" என்று காதுக்குள் கேட்டார். நான் கேட்பேனா? உண்மையான சேவைக்குள் என் சொந்த அடையாளத்தோடு நுழைந்தேன். கடைசிப் பொத்தானைத் தொடாவிட்டால் ஒன்றும் ஆகாது என்பது என் கணக்கு. புது விலாசம் என்று கேட்ட இடத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டேன். வாய்க்கு வந்தது நாங்கள் நின்றுகொண்டிருந்த கட்டிடத்தின் விலாசம்.

பின்லாந்திலிருந்து வந்த யூஹா கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி இருந்தார். "மூன்று நிமிடம் என்றீர்கள். இன்னும் பத்து வினாடிதான் இருக்கிறது" என்றார்.

அழுத்திவிட்டேன்.

விருந்தினருக்குக் காட்டவென்று என் தொலைபேசியையும் திரையோடு இணைத்திருந்தேன். முதலில் "புதிய வீட்டுக்கு வாழ்த்துகள்" என்று வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அடுத்து, புதிய குடும்ப வைத்தியரைத் தெரிவுசெய்யும்படி ஒரு கடிதம். யூஹா ஆர்வமாகக் குறிப்பெடுத்தார். மூன்றாவது, எங்களுக்கு ஒரு மகள் இருப்பதால், பிள்ளைப் பராமரிப்புப் பிரிவிலிருந்து: "நீங்கள் இப்போது தனித்து வாழும் பெற்றோரா?"

"என்ன வேகம்!" என்றார் ஸ்பெயினிலிருந்து வந்த மார்த்தா.

நான் ரசிக்கும் நிலையில் இல்லை. ஏனென்றால் நான்காவது கடிதம் யாருக்குப் போகும் என்று எனக்குத் தெரியும். அதை எழுதியதே நான்தான். "உங்கள் துணைவர் இப்போது உங்கள் விலாசத்தில் வசிக்கவில்லை. அவரது புதிய விலாசம் கீழே."

லேனே என் முகத்தைப் பார்த்துவிட்டார். "மாலினி, இதைத் திருப்பி எடுப்பது எப்படி?"

"எடுக்க முடியாது" என்றேன். "திரும்பக் குடிபோவதாகப் பதியத்தான் வேண்டும். அதற்கு அந்த வீட்டில் இருப்பவர் சம்மதிக்க வேண்டும்."

உடனே பதிந்தேன். ரஞ்சனுக்கு எட்டு முறை அழைப்பு எடுத்தேன். அவர் எடுக்கவில்லை.

எப்படி எடுப்பார்? அவர் காரில் வந்துகொண்டிருந்தார். கொஞ்ச நேரத்தில் மண்டபக் கதவு திறந்தது. தொழிற்சாலை உடுப்பு, இரும்பு முனைச் சப்பாத்து, கையில் பெற்றோல் நிலையத்தில் வாங்கிய பூங்கொத்து. பதினான்கு வருடத்தில் முதல் பூ. விலைச்சீட்டுக்கூடக் கழற்றவில்லை.

"நான் சும்மா கோவத்திலை சொன்னனான்" என்றார். பூங்கொத்தை என் பக்கம் நீட்டினார். "அதுக்கு உண்மையாவே இங்கை வந்து குடியிருக்கிறதே?"

"ஐயோ, அது சோதினை அப்பா! நான் தவறுதலா அமத்திப்போட்டன்!"

"சோதினையோ?" அவர் திரையைப் பார்த்தார், விருந்தினரைப் பார்த்தார், கடைசியில் பூவைப் பார்த்தார். "அப்ப இது வீண்செலவோ?"

மார்த்தா என்ன நடக்கிறது என்று மொழிபெயர்க்கச் சொன்னார். என் குடும்பச் சண்டையை நானே ஆங்கிலத்தில், வசனம் வசனமாக, நான்கு நகரங்களுக்கு விளக்கினேன். பருப்பையும் விடவில்லை.

அந்த நேரம் பார்த்து ரஞ்சனின் தொலைபேசி சத்தம் போட்டது. வாசித்தார்: "மாலினி என்பவர் உங்கள் வீட்டில் குடியேற விரும்புகிறார். சம்மதமா? ஆம், இல்லை."

அதையும் மண்டபத்துக்கு மொழிபெயர்த்தேன்.

"யோசிக்க எத்தினை நாள் தருவினம்?"

"பதினாலு."

"எண்டால் ஆறுதலாப் பாப்பம்" என்றவர், என் கண்ணில் தண்ணீரைக் கண்டதும் சிரித்துக்கொண்டே 'ஆம்' என்பதை அழுத்தினார். கைதட்டல் முதல் முறையைவிடப் பலமாக இருந்தது.

வேலை போய்விடும் என்றுதான் நினைத்தேன். ஆனால் பின்னேரக் கூட்டத்தில் மார்த்தா எழுந்து, தங்கள் நகரத்திலும் அவசரத்தில் அழுத்திவிட்டு அழுதுகொண்டு வருபவர்கள் இருக்கிறார்கள் என்றார். யூஹாவின் ஆட்கள் வேறொரு சேவைக்காக எழுதிய கணினி நிரல் ஒன்று கைவசம் இருந்தது. கடிதங்களை அனுப்பாமல் ஒரு நாள் பொறுத்திருக்கும் நிரல். அதை எங்களுக்குத் தந்தார்கள். நெதர்லாந்துக்காரர்கள் அறிவித்தல்களைச் சாதாரண மக்களுக்கு விளங்கும்படி எளிதாக்கினார்கள். நாங்கள் ஒரு பொத்தான் வைத்தோம். "ஃபோர்த்ருட்" என்று அதற்குப் பெயர். டேனிஷில் அந்தச் சொல்லுக்குச் செய்ததை மாற்று என்றும் பொருள், செய்ததற்காக வருந்து என்றும் பொருள். அடுத்த கோடைக்குள் நான்கு நகரங்களிலும் அது ஓடத் தொடங்கியது. ஒரு நாள் பொறுத்திருக்கும் அந்தப் பகுதிக்கு நிரலாளர்கள் வைத்த பெயர் "மாலினி".

போன வருடம் யூஹா எழுதியிருந்தார்: அவருடைய நகரத்தில் வீட்டை விட்டுக் கிளம்பிய ஒரு கிழவர் மாலினியால் மறுநாள் மனம் மாறினாராம். வாசித்துவிட்டு ரஞ்சனுக்குக் காட்டினேன். தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். ஆனால் அந்த வார இறுதியில் விபோர்க்கில் ஒரு கலியாண வீட்டில், மேசையில் இருந்த அத்தனை பேருக்கும் அதைச் சொல்லி முடித்தார். பூவின் விலை உட்பட.

எங்கள் மகள் அபிக்கு இப்போது பதினைந்து வயது. கோபம் வந்தால் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். ரஞ்சன் வெளியே நின்று கூப்பிடுவார்: "அபி, மாலினி ஓடுது. இருபத்துநாலு மணித்தியாலம் இருக்கு, பிள்ளை."

பெரும்பாலும் பத்து நிமிடம் போதும். உள்ளேயிருந்து சிரிப்பை அடக்கிய குரல் ஒன்று கேட்கும்:

"ஃபோர்த்ருட்!"