கோட்டயத்தில் ஒன்பது நாள் மாப்பிள்ளை

அன்று கோட்டயத்து வீட்டுக் கூடத்தில் இருந்தவர்கள் ஆறு பேர்: மிளகு வியாபாரி சாக்கோ, அவர் மனைவி, மகள் அன்னம்மா, மயிலாடும்பாறையிலிருந்து வந்திறங்கிய என் அய்யா, தாய்மாமன், பிறகு நான். வராதவள் என் ஆத்தா. வந்திருந்தால் கூடத்துக்குக் கூரை மிஞ்சியிருக்காது. இத்தனை பேரையும் அங்கே கூட்டியது நான் எழுதிய ஒரே ஒரு கார்டு.

எங்கள் வம்சத்திலேயே முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். (அந்தத் திமிர் நிறையவே உண்டு.) ஏலத்தோட்டத்துக் கங்காணியான மாமாதான், "சாக்கோ மொதலாளி நல்ல மனுசன். சோறு போட்டுப் படிக்க வைக்கிறேன்னு சொன்னாக" என்று திருவிதாங்கூருக்கு அனுப்பிவைத்தார். காசு வேறு, ராஜா வேறு, பாஷை வேறு. எனக்கு அதுதான் சீமை. மாமா மகளை எனக்கென்று பேசி வைத்திருந்தார்கள். அதனால் கிளம்பும்போதே அய்யா எச்சரித்தார்: "படிக்கிற பேர்ல வேற சோலி பாத்தேன்னு தெரிஞ்சது, மறுநாளே வந்து ஏர் பிடிக்கணும்."

முதல் நாள் காலையில் வாசலில் ஒருவர், "மாப்பிள உண்டோ?" என்று கூவினார். அந்த வீட்டில் கல்யாண வயதில் இருந்த ஆண் நான் ஒருவன்தான். போய் நின்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். மறுநாள் வேறு இருவர். அவர்களும் மாப்பிள்ளையைத்தான் கேட்டார்கள்.

மூன்றாம் நாள் சாக்கோவே என் தோளில் கைபோட்டு, மகளைக் காட்டி, "நீ என்றெ மகளோடு திவசவும் சம்சாரிக்கணும்" என்றார். சம்சாரம்! கூடவே திவசமும்! கல்யாணத்தையும் கருமாதியையும் ஒரே மூச்சில் பேசி முடித்த மாமனாரை நான் கேள்விப்பட்டதே இல்லை. பலமாகத் தலையாட்டினேன். (புரியாத பாஷையில் யார் எது சொன்னாலும் தலையாட்டிவிடுவேன்.) அன்று மாலையே கார்டு போட்டேன்: "இங்கே என்னை வீட்டு மாப்பிள்ளை ஆக்குகிறார்கள். நானும் சம்மதித்ததாக நினைத்துவிட்டார்கள். உடனே வரவும்." அய்யாவுக்கு எழுத்துத் தெரியாது. தபால்காரர் அதை ஊர் நடுவே நின்று வாசித்தாராம்.

அன்னம்மா நோட்டும் கையுமாக வந்தாலே நான் கிணற்றடிக்கு ஓடினேன். ஒன்பதாம் நாள் மடக்கிவிட்டாள். தெரிந்த இங்கிலீஷையெல்லாம் திரட்டி, "சகோதரி, நான் ஏற்கெனவே நிச்சயிக்கப்பட்டவன். என்னை மறந்துவிடு" என்றேன். அவள் நோட்டை மூடிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். அழுகிறாளோ என்று எனக்கும் கண் கலங்கியது. சற்று நேரத்தில் அவள் அம்மா சுக்குக் காப்பியோடு வந்து என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தார்.

அப்போது வாசலில் மாமா குரல்: "ஏலே மாப்ள! வெளிய வாலே!"

"ஆரா?" என்று சாக்கோ வெளியே போனார்.

"உங்களையில்ல மொதலாளி. மாப்ளயக் கூப்பிட்டேன்."

"மாப்பிள ஞானாணல்லோ!" என்று சாக்கோ தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

மாமா ஒரு கணம் விழித்தார். பிறகு மலையாளத்தில் என்னவோ கேட்டார். சாக்கோ என்னவோ சொன்னார். கூடத்துக்கு வந்த மாமா தரையில் உட்கார்ந்து விலா நோகச் சிரித்தார்.

அய்யா அரண்டுபோனார். "என்ன மச்சான், தேதியே குறிச்சிட்டாகளா?"

"அட, இங்கன கிறிஸ்தவ யாவாரிகள மாப்பிளன்னுதான் கூப்பிடுவாக. சம்சாரிக்கிறதுன்னா பேசுறது. திவசவும்னா தெனமும். இந்தப் பிள்ள மலைத்தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு டீச்சராப் போகணுமாம். அங்கன பூராம் நம்மூருப் பிள்ளைக. அதான் தெனம் ரெண்டு வார்த்தை தமிழ் பேசிப் பழக்கச் சொல்லியிருக்காக!"

நான் மூட்டையைக் கட்டியே வைத்திருந்தேன். ஏர் பிடிக்கும் கை எப்படி இருக்கும் என்று என் கைகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். நான் பேசிய இங்கிலீஷ் புரிந்திருந்த அன்னம்மா வாயைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பியிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

அய்யா என் மூட்டையைத் தட்டிப் பார்த்தார். பிறகு, "மூட்டைய அவுலே. அந்தப் பிள்ளைக்கு நல்லாப் பேசச் சொல்லிக்குடு. கார்டு எழுத மட்டும் சொல்லிக்குடுத்துறாத" என்றார்.

அன்னம்மா டீச்சர் ஆனாள். நான் படித்து முடித்து மாமா மகளையே கட்டினேன். இன்றும் எந்தக் கல்யாணப் பந்தியிலும் இலை போட்டதும் மாமா ஆரம்பித்துவிடுவார்: "எங்க மாப்ளைக்கு ஒத்த வார்த்தைக்கு அர்த்தம் சொல்ல, ரெண்டு கிடா வித்துக் கோட்டயம் போயிட்டு வந்தோம். மொத்தச் செலவு ஏழு ரூவா நாலணா."

பரிமாறிக்கொண்டே அவர் மகள், அதாவது என் மனைவி, திருத்துவாள்: "கார்டு வாசிச்ச தபால்காரருக்குக் குடுத்த அரையணாவ விட்டுட்டீகளே அய்யா. ஏழு ரூவா நாலரை அணா."